கடாரத்து அருங்காட்சியகமும் அதன் விரிவும்

செலாயாங் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனை நிறுத்தி, "இந்நாட்டில் மிகப் பழைய கோயில் எது?" என்று வினவினால், அவன் கை தன்னையறியாமல் பத்துமலைப் பக்கம் நீளும். அது அவன் பிழையன்று. நாள்தோறும் அவன் கண்ணெதிரே நிற்பது அந்தக் குன்றுதானே! ஆனால் பத்துமலையில் முருகன் வழிபாடு தொடங்கியது 1891ஆம் ஆண்டில். கோலாலம்பூர் மாரியம்மன் கோயில் 1873இல் தோன்றியது. மலாக்காவில் உள்ள பொய்யாத விநாயகர் கோயில் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இவையெல்லாம் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கெடா மாநிலத்தில், ஜெராய் மலையின் அடிவாரத்தில், கருவறையும் மண்டபமும் கொண்ட கோயில்கள் எழுந்து, வழிபாடு நடந்து, பின்னர்க் காடு மூடி மறைந்தும் போயின. இன்று அவற்றின் அடித்தளங்களையே நாம் காண்கிறோம்.

அவ்வடித்தளங்களைக் காத்து வைத்திருக்கும் இடம் மெர்போக் ஊரை அடுத்துள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். செலாயாங்கிலிருந்து நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கி நான்கு மணி நேரத்திற்கு மேல் பயணம் செய்தால் அதனை அடையலாம். அந்த அருங்காட்சியகம் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு விரிந்தது, இனி அதனை விரிப்பதாயின் எம்முறையில் விரித்தல் தகும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளத்தாக்கும் அதன் பெயரும்

ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம் உடையது. நிலத்தினின்று தனித்து ஓங்கி நிற்பதால், கடலில் வெகு தொலைவிலிருந்து வருவோருக்கும் அது கண்ணுக்குப் புலப்படும். வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்கால மாலுமிகளுக்கு அம்மலையே கலங்கரை விளக்கம் போன்றிருந்தது. மலைக்குத் தெற்கே மெர்போக் ஆறும், அதற்குத் தெற்கே மூடா ஆறும் கடலில் கலக்கின்றன. இவற்றிற்கு இடைப்பட்டும் சூழ்ந்தும் உள்ள நிலப்பகுதியே பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படுவது. அதன் பரப்பு ஏறத்தாழ 224 சதுர கிலோமீட்டர் என்பர். 'பூஜாங்' என்னும் பெயர் பாம்பைக் குறிக்கும் 'புஜங்க' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று பலர் கருதுகின்றனர்.

தமிழ் ஆசிரியர்களுக்கு இப்பகுதி 'கடாரம்' என்ற பெயரால் நன்கு அறிமுகமானது. பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' இதுவே என்பது உரைவழி வந்த கருத்து. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் ஸ்ரீமாற விசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் வழங்கப்பட்டதைச் செப்பேடுகள் கூறுகின்றன. அவன் மகன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டையொட்டி அதே கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்தினான். நட்பும் பகையும் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்த தலைமுறைகளில் கண்ட உறவு இது.

இங்கே ஒரு கருத்தைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். மெர்போக்கில் கிடைத்த கோயில்களையெல்லாம் சோழர் கட்டினர் என்று மேடைகளில் பேசுவதுண்டு. சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. அங்குக் கிடைத்தவற்றுள் பௌத்தச் சின்னங்களும் உள. சைவச் சின்னங்களும் உள. சில சோழர் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டு முற்பட்டவை. இந்நாட்டு மன்னரும் மக்களும், கடல் கடந்து வந்த வணிகரும் கலந்து வாழ்ந்த துறைமுக நாகரிகம் அது. அந்தக் கலப்பே அதன் பெருமை. அருங்காட்சியகம் ஒன்றின் முதற்கடமை இந்த உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதாகும்.

கல் ஒன்று கல்கத்தா சென்ற கதை

அருங்காட்சியகம் இல்லாத நாட்டில் பழம்பொருள்களுக்கு என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். 1834ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். 'செம்மண் நாடு' என்னும் ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாநாய்கன் தன் கடற்பயணம் இனிது முடிய வேண்டிப் பொறித்த கல் அது. எழுத்தமைதி கொண்டு 5ஆம் நூற்றாண்டினது என்பர். அக்காலத்தில் இங்கு அதனை வைத்துக் காக்க இடமில்லை. கல் கல்கத்தாவுக்குச் சென்றது. அங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடலோடி ஒருவன் இக்கரையில் விட்டுச் சென்ற நன்றிக் கல்லைக் காண, இக்கரைப் பிள்ளைகள் கடல் கடக்க வேண்டியதாயிற்று.

லோ அவர்களே ஜெராய் மலைச் சாரலில் இடிபாடுகள் இருப்பதையும் எழுதி வைத்தார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1936, 1937ஆம் ஆண்டுகளில், குவாரிச் வேல்ஸ் என்பவரும் அவர் மனைவியார் டோரத்தி வேல்ஸ் அம்மையாரும் முறையான அகழாய்வு நடத்தி, முப்பது இடங்களுக்கு எண் கொடுத்தனர். 1940இல் வெளிவந்த தம் ஆய்வுரையில் வேல்ஸ் இவற்றை 'இந்தியக் குடியேற்றம்' என்ற நோக்கில் விளக்கினார். பின்வந்த அறிஞர்கள் அந்நோக்கை ஏற்கவில்லை; உள்ளூர் மக்களின் பங்கினை அது மறைத்துவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. ஆயினும் அவர் இட்ட எண்கள் இன்றளவும் வழக்கில் உள்ளன. இவ்விடிபாடுகளை மலாய் மொழியில் 'சண்டி' என்று வழங்குவர்.

எட்டாம் எண் பெற்ற சண்டி மலைச்சாரலில், ஓடைக்கரையில் உள்ளது. அவ்விடத்தின் பெயர் புக்கிட் பத்து பகாட். 'உளி பட்ட கல்லுடைய குன்று' என்பது அதன் பொருள். வரலாறு மறந்து போன பின்னும் ஊர்ப்பெயர் மறக்கவில்லை என்பதை ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக் காட்டலாம். 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்தேர் லாம் என்னும் வரலாற்றறிஞரின் தலைமையில், சிதறிக் கிடந்த கருங்கற்கள் ஒழுங்குபடுத்தப்பெற்று அச்சண்டி மீண்டும் எழுப்பப்பட்டது. கருவறை மேடையும், அதன் முன்னே மண்டபமும், மண்டபத்தில் மரத்தூண்கள் நின்ற கற்பீடங்களும் தெளிவாகத் தெரிகின்றன. மரமும் கூரையும் மழையிலும் காலத்திலும் மறைந்தன; கல் மட்டும் நின்றது. கோயில் எடுக்கும்போது அடியில் இட்ட கற்பேழைகளும் அவ்வேலையின்போது கிடைத்தன.

அருங்காட்சியகம் விரிந்த முறை

அச்சண்டியின் அடிவாரத்தில்தான் அருங்காட்சியகம் அமைக்கப்பெற்று, 1980ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உள்ளே கூடங்களில் மணிகள், மட்பாண்டங்கள், சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், சிலைகள், கற்பீடங்கள் முதலியன வைக்கப்பட்டன. ஆனால் இந்த அருங்காட்சியகத்தின் பெரிய விரிவு கூடங்களில் நிகழவில்லை. வெளியே, மலைச்சாரலில் நிகழ்ந்தது. பள்ளத்தாக்கின் வேறு பகுதிகளில் வயலோரத்திலும் ஆற்றோரத்திலும் கிடந்த சண்டிகள் சில கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, இச்சாரலுக்குக் கொண்டுவரப்பட்டு, மீண்டும் அடுக்கப்பட்டன. பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் என்னும் இடங்களின் பெயரால் அவை வழங்குகின்றன. ஆக, இங்கே காண்போன் ஒரு கோயிலை அதன் பிறந்த இடத்திலும், மற்றவற்றைக் குடிபெயர்ந்த இடத்திலும் காண்கிறான்.

இந்த வேறுபாட்டை அறியாமல் சுற்றிவரும் மாணவன், பழங்காலத்தில் நான்கு கோயில்கள் ஒரே சாரலில் அருகருகே நின்றன என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புவான். அது தவறான வரலாறு. பெங்காலான் என்ற மலாய்ச் சொல்லுக்குப் படகுத்துறை என்பது பொருள். துறையருகே, வணிகர் கூடிய இடத்தில் செங்கல்லால் எழுந்த கோயில் அது. அதனை மலையேற்றி வைத்தபின், 'வணிகர் கோயில்' என்ற அதன் இயல்பைக் கல் தானே சொல்லாது; அருங்காட்சியகம்தான் சொல்லித்தர வேண்டும்.

பெயர்த்து வைத்தல் தகுமா?

1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞர்களும் தொல்சின்னக் காப்பாளர்களும் ஒரு சாசனம் வகுத்தனர். பழஞ்சின்னம் ஒன்று தான் நிற்கும் இடத்தினின்றும், தான் கண்ட வரலாற்றினின்றும் பிரிக்க முடியாதது. அதனைக் காப்பதற்கு வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டுமே இடம் பெயர்க்கலாம் என்பது அச்சாசனத்தின் 7ஆம் விதி. அகழ்ந்தெடுத்த இடிபாடுகளில், சிதறிய பழைய உறுப்புகளை மீண்டும் பொருத்தலாமேயன்றி, புதிதாகக் கற்பனை செய்து கட்டலாகாது என்பது 15ஆம் விதி. புதிதாகச் சேர்ப்பது எதுவாயினும் பழையதன் அழகையும் சூழலோடு அதற்குள்ள உறவையும் கெடுத்தலாகாது என்பது 13ஆம் விதி.

'வேறு வழியே இல்லை' என்ற நிலை உண்மையிலேயே நேர்வதுண்டு. எகிப்தில் நைல் ஆற்றின் குறுக்கே பேரணை எழுந்தபோது, அபு சிம்பல் கோயில்கள் 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுக்கப்பட்டு, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் நிறுவப்பட்டன. நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஆந்திர நாட்டு நாகார்ச்சுனகொண்டா. கிருட்டிணை ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த அப்பழைய பௌத்த நகரம் அணைநீரில் மூழ்கும் என்று தெரிந்ததும், 1954 முதல் 1960 வரை விரைந்து அகழாய்வு நடந்தது. முக்கியமான கட்டடங்கள் குன்றின் உச்சிக்கும், கரையிலுள்ள அனுப்பு என்ற இடத்திற்கும் பெயர்க்கப்பட்டன. குன்றைச் சுற்றி நீர் நிரம்பியது, குன்று தீவாயிற்று, அத்தீவில் 1966இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்றும் படகேறித்தான் அங்குச் செல்லுதல் வேண்டும். பள்ளத்தாக்கு நீரில் மறைந்தது. அதன் நினைவு மேட்டில் நிற்கிறது.

மெர்போக்கில் அணை இல்லை, வெள்ளமும் இல்லை. அங்குள்ள வெள்ளம் வேறு வகையானது: செம்பனைத் தோட்டம், வயல், சாலை, வீடமைப்பு. இவை ஓசையின்றி ஏறிவரும் வெள்ளங்கள்.

2013இல் நேர்ந்தது

2013ஆம் ஆண்டின் இறுதியில் நாளேடுகளில் ஒரு செய்தி வந்தது. சுங்கை பத்து தோட்டப் பகுதியில் 11ஆம் எண் பெற்றிருந்த சண்டி, வீடமைப்புக்காக நிலம் சமன் செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டுவிட்டது என்பதே அச்செய்தி. வேல்ஸ் காலத்திலிருந்தே ஏடுகளில் இடம்பெற்றிருந்த சண்டி அது. நிலம் தனியாருடையது, சண்டி பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதிவு பெற்றிருக்கவில்லை என்று விளக்கம் கூறப்பட்டது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் நாட்டில் இருந்தது. ஆயினும், பதிவு இல்லாத இடத்தில் சட்டத்தின் கை நீளவில்லை. நாடெங்கும் வருத்தமும் கண்டனமும் எழுந்தன. எழுந்தென்ன? இடித்த கோயிலைப் போல் ஒன்று கட்டலாம். இடித்த கோயிலையே கட்ட முடியாது.

இந்நிகழ்ச்சி அருங்காட்சியக விரிவைப் பற்றிய சிந்தனையையே மாற்றவல்லது. விரிவு என்றால் இன்னொரு கூடம், இன்னொரு மாடி என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் அருங்காட்சியகத்தின் மதிலுக்குள் இருப்பது பள்ளத்தாக்கின் செல்வத்தில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி மதிலுக்கு வெளியே, பிறர் நிலத்தில், மண்ணுக்கடியில் கிடக்கிறது. சுங்கை பத்து பகுதியிலேயே 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைக்களங்களையும் படகுத்துறையின் அடித்தளங்களையும் செங்கற்கட்டடங்களையும் வெளிக்கொணர்ந்துள்ளனர். அவற்றின் தொடக்கக் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இரும்புத் தொழில் மிகப் பெரிய அளவில் நடந்தது என்பதில் ஐயமில்லை. அத்தனையையும் ஒரு கூடத்தில் கொண்டுவந்து அடுக்க முடியுமா? முடியாது, அடுக்கவும் கூடாது.

விரிவுக் கட்டடத்தின் இலக்கணம்

அங்ஙனமாயின் விரிவு எவ்வாறு அமைதல் வேண்டும்? வீடு கட்டுவோனும் பள்ளி கட்டுவோனும் அறியும் செய்திகளைக் கொண்டே இதனை விளக்கலாம்.

முதலாவது, நிலம். வீடு கட்டுவோன் முதலில் கடைக்கால் தோண்டுகிறான். தொல்பொருள் நிலத்தில் கடைக்கால் தோண்டுவதே ஆபத்து. மண்வெட்டி எதன்மேல் விழும் என்று சொல்ல முடியாது. ஆதலின் கட்டடக் கலைஞன் வரைபடம் போடுமுன், அகழ்வாய்வாளன் அந்நிலத்தைச் சோதித்தல் வேண்டும். அதன்பின்னும் ஆழமான அடித்தளம் கூடாது. மலாய்க் கிராமத்து வீட்டைப் பாருங்கள்: கல்லின்மேல் கால் ஊன்றி, தரையைத் தொடாமல் நிற்கிறது. அம்முறையில், சிறு பீடங்களின்மேல் இலேசான சட்டங்களால் எழுப்பிய கட்டடம் நிலத்தைக் குறைவாகவே தொடும். பிற்காலத்தார் வேண்டாமென்றால் வடுவின்றி அகற்றவும் முடியும். பாரமான கற்சிலைகளை மட்டும் தரைமட்டத்திலேயே, சோதித்துத் தெளிந்த இடத்தில் வைக்கலாம்.

இரண்டாவது, அடக்கம். சாரலின் தலைவன் புக்கிட் பத்து பகாட் சண்டியே. புதுக்கட்டடம் அதன் பணியாள். சண்டியின் உயரத்தையும் அது நோக்கும் திசையையும் மறைக்காமல், மரங்களுக்குக் கீழே தாழ்ந்திருப்பது நல்லது. புதியது புதியதென்றே தெரிதல் வேண்டும். சண்டியைப் போலவே கோபுரம் வைத்துப் போலிச் சிற்பம் செதுக்கினால், எது ஆயிரம் ஆண்டினது, எது நேற்றையது என்று பிள்ளைகள் மயங்குவர். அதற்காக, ஊருக்கு ஒவ்வாத கண்ணாடிப் பெட்டியை நடுவதும் முறையன்று. கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குண்டுவீச்சால் சிதைந்த சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்த இடத்தில், ஹோ கோக் ஹோ என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த கட்டடம் 1963இல் திறக்கப்பட்டது. மலாய் அரண்மனையின் கூரையை அது நினைவூட்டுகிறது. ஆனால் காலத்தால் தான் புதியது என்பதை மறைக்கவில்லை.

மூன்றாவது, நீர். மலையடிவாரத்தில் கட்டடத்தின் முதற்பகைவன் மழையே. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஆகவே 400 சதுர மீட்டர்க் கூரையின்மேல் ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் மழை பொழிந்தால், 20,000 லிட்டர் நீர் கூரையினின்று இறங்கும். முன்பு மண்ணில் ஊறிய நீர் அது. இனி ஓடையாகப் பாயும். எங்கே பாயும்? சாய்வில் கீழே உள்ள சண்டியின் அடித்தளத்தை நோக்கியாயின், காக்க வந்த கட்டடமே கல்லைக் கரைக்கும் கட்டடமாகிவிடும். கூரை எழுமுன் வடிகால் எழுதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். கணக்குப் பாடத்திற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நான்காவது, காற்று. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. கருங்கல்லும் சுட்ட மண்ணும் அதனைப் பொறுக்கும். இரும்பு பொறுக்காது, உப்பேறிய பழைய இரும்பு, ஈரம் பட்டால் செதில் செதிலாக உதிர்ந்து போகும். அதற்கு மிக வறண்ட காற்று வேண்டும். மரமோ, எலும்போ அத்துணை வறட்சியில் வெடித்துவிடும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சு. ஆதலின் கூடம் முழுதையும் குளிரூட்டி ஒரே நிலையில் வைத்தல் பயன் தராது, செலவும் தாங்காது. கல்லையும் செங்கல்லையும் காற்றோட்டமுள்ள திறந்த கூடங்களில் வைத்து, இரும்பையும் மணியையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட இறுக்கமான பேழைகளில் தனித்தனியே வைப்பதே அறிவுடைமை. மின்சாரம் நின்றுபோன இரவிலும் அப்பேழைகள் பொருளைக் காக்கும்.

ஐந்தாவது, ஒளி. சிலையின்மேல் நேர் எதிரே விளக்கைப் பாய்ச்சினால் தேய்ந்த செதுக்கல்கள் மறைந்துவிடும். ஒளி பக்கத்திலிருந்து சாய்ந்து விழுந்தால், மெல்லிய கோடும் நிழல் பெற்று எழும். கல்வெட்டுப் படிப்போர் அந்தி வெயிலை நாடுவது இதனால்தான்.

ஆறாவது, களஞ்சியம். எந்த அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு இருப்பது சிறுபகுதியே. எஞ்சியது உள்ளறையில் இருக்கும். ஒடுகளும் மணிகளும் ஆயிரக்கணக்கில் வரும் அகழாய்விடத்தில், ஒவ்வொன்றுக்கும் எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்பு உயிர் போன்றது. குறிப்பு இழந்த ஓடு வெறும் ஓடு. எனவே விரிவுக் கட்டடத்தில் காட்சிக் கூடத்திற்குச் சமமான இடம் களஞ்சியத்திற்கும் ஆய்வறைக்கும் ஒதுக்கப்படுதல் வேண்டும். திறப்பு விழாவில் இவ்வறைக்கு மாலை போடுவாரில்லை. ஆயினும் நிறுவனத்தின் முதுகெலும்பு இதுவே.

கூடத்திலிருந்து களத்திற்கு

மேற்கூறிய ஆறும் கட்டடத்தைப் பற்றியவை. கட்டடத்தினும் பெரிய விரிவு ஒன்று உண்டு. அஃது அருங்காட்சியகத்தைப் பள்ளத்தாக்கு முழுதும் பரப்புவது. சண்டி எங்கே இருந்ததோ அங்கேயே ஒரு சிறு கூரை, ஒரு வேலி, ஒரு விளக்கப் பலகை; அவ்விடங்களை இணைக்கும் வழிகாட்டிப் பாதை; நடுவில் எல்லாவற்றையும் விளக்கும் தலைமைக் கூடம். மக்கள் வந்து பார்க்கும் இடத்தைப் பொக்கிளான் எந்திரம் இரவோடிரவாகத் தரைமட்டமாக்க முடியாது. வருகையே காவல். பெயர்த்துக் கொண்டுவந்த சண்டிகளின் பழைய இடங்களிலும் ஒரு பலகை நடலாம்: 'கோயில் இங்கிருந்தது, இப்போது மலைச்சாரலில் உள்ளது' என்று.

தமிழ்நாட்டுக் கீழடியில் இந்நெறிக்கு ஓர் ஒப்புமை காணலாம். வைகைக் கரையில் அகழ்ந்தெடுத்த பொருள்களுக்கு, 2023ஆம் ஆண்டில், அகழ்ந்த இடத்திற்கு அருகிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றமும் தாழ்வாரமும் கொண்டு அமைந்தது அது. பொருள்கள் தலைநகருக்குச் சென்று மறையாமல், பிறந்த ஊரிலேயே தங்கின. அவ்வூர்ப் பிள்ளைகள் தங்கள் பாட்டன்மார் சட்டியையும் தாயக்கட்டையையும் நடந்தே சென்று காண்கின்றனர்.

இனி, விளக்கப் பலகையின் மொழி. பலகை எழுதுவோர் கல்லின் நீள அகலத்தையும் கண்டெடுத்த ஆண்டையும் எழுதி நிறுத்திவிடுதல் போதாது. பத்து வயதுப் பிள்ளை கேட்கும் கேள்வி வேறு: "இங்கே யார் கும்பிட்டார்கள்? கூரை எங்கே போயிற்று? ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?" இவற்றிற்கு எளிய விடை தரும் பலகையே நல்ல பலகை. மலாய், ஆங்கிலம், தமிழ், சீனம் ஆகிய நான்கு மொழிகளிலும் அவ்விடை இருக்குமாயின், அப்பள்ளத்தாக்கில் பழங்காலத்தில் கேட்ட பன்மொழி ஓசை மீண்டும் கேட்பது போலாகும். பேருந்தில் வரும் எண்பது பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கி அமர்ந்து, ஏடு விரித்து எழுத ஒரு நீண்ட தாழ்வாரமும் வேண்டும். பள்ளிப்பிள்ளைக்கு உட்கார இடம் இல்லாத அருங்காட்சியகம் பாதி அருங்காட்சியகமே.

ஆசிரியர் ஆற்றத்தக்கவை

கட்டடம் எழுப்புவது அரசின் பணி. ஆனால் அக்கட்டடத்திற்கு மக்களைச் சேர்ப்பது ஆசிரியர் பணி. சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லுமுன், ஒரு வாரம் வகுப்பில் நிலப்படம் வரையச் சொல்லலாம்: மலை, இரண்டு ஆறுகள், கடல், துறை. கடாரம் என்ற சொல் வரும் இலக்கியப் பகுதிகளையும் வரலாற்றுச் செய்திகளையும் முன்கூட்டியே கற்பிக்கலாம். அங்குச் சென்றபின், "எந்தச் சண்டி பிறந்த இடத்திலேயே நிற்கிறது? எவை பெயர்த்து வந்தவை?" என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். கருங்கல், செங்கல், செம்பாறைக் கல் ஆகிய மூன்றையும் இனம் பிரித்து எழுதச் சொல்லலாம். திரும்பிய பின்னர், தாங்கள் கட்டடக் கலைஞராயின் புதிய கூடத்தை எங்கே அமைப்பீர்கள் என்று வரைந்து காட்டச் சொல்லலாம். நீர் எங்கே ஓடும் என்று சிந்தித்து வரைந்த பிள்ளை, பாடத்தை முழுதும் கற்றுவிட்டது என்க.

இப்பணி கெடாவோடு முடிவதன்று. நாட்டின் தோட்டப்புறங்கள் பல இன்று தாமான்களாக மாறிவிட்டன. பழைய லயங்கள், ஆலைகள், தோட்டப் பள்ளிகள், காளி கோயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைகின்றன. அவை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையன அல்ல. ஆனால் ஆயிரம் ஆண்டுக்குப் பின் ஒருவன் தேடப்போகும் சான்றுகள் அவையே. 11ஆம் எண் சண்டிக்கு ஓர் எண்ணாவது இருந்தது. அதனால் அது அழிந்தபோது அழிந்தது என்று அறிந்து அழவாவது முடிந்தது. எண்ணும் இல்லாமல், படமும் இல்லாமல் அழிவனவற்றிற்கு அழுவார் யார்? பள்ளி தோறும் ஒரு சிறு அலமாரி, ஓர் ஏடு, சில படங்கள் ஆகியவற்றால் தொடங்கும் அருங்காட்சியகமும் அருங்காட்சியகமே.

பத்துமலையைச் சுட்டும் மாணவனின் கையை யாரும் தடுக்க வேண்டுவதில்லை. அக்கை சற்றே வடக்கே திரும்பி, ஜெராய் மலையடியில் மழையில் நனைந்து நிற்கும் அந்தக் கருங்கல் மேடையையும் சுட்டுமாறு செய்தல் போதும். அது நிகழுமாயின், அருங்காட்சியகத்தின் உண்மையான விரிவு அவன் உள்ளத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம்.